கடல் எடுத்துப் போன மதிப்பெண் பட்டியல்

என்னைப் பற்றி ஓர் ஆராய்ச்சிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்பது எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் வெகு நாள் தெரியாமல் இருந்தது.

சுனாமி வந்து மூன்று வருடம் கழித்து எங்கள் மீனவ ஊரான பனித்திட்டுக்கு ஆராய்ச்சி செய்ய ஒரு மாணவி வந்தாள். கிட்டத்தட்ட என் வயதுதான். எங்கள் வீட்டிலேயே நான்கு மாதம் தங்கினாள். நாங்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டாள், எனக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள். ஒரு தடவை அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்து மூன்று நாள் நான்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். போய் இரண்டு வருடம் கழித்துத் தபாலில் ஒரு புத்தகம் அனுப்பினாள். நீல அட்டை, கம்பிச் சுருள், உள்ளே முழுக்க ஆங்கிலம். முதல் பக்கத்தில் மட்டும் "அக்காவுக்கு அன்புடன்" என்று கையால் எழுதியிருந்தாள். அதை பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

அவள் ஒருத்தி மட்டுமல்ல. அந்த வருடங்களில் தை பிறந்தால் போதும், கல்லூரிகளிலிருந்து கும்பல் கும்பலாக வருவார்கள். கையில் அட்டை, அட்டையில் கேள்வித்தாள். நான் அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் மகளிர் குழுக்களை நடத்தும் வேலையில் இருந்தேன். வருகிறவர்களையெல்லாம் என் தலையில் கட்டிவிடுவார்கள். "உங்கள் வாழ்வாதாரம் எவ்வாறு பாதிக்கப்பட்டது?" என்று அவர்கள் வாசிப்பார்கள். மீன் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். "தொழில் எப்பிடிப் போவுதுன்னு கேக்குறாங்க" என்பேன். பதில் வரும். அதை அவர்கள் தமிழுக்கு மாற்றிச் சொல்வேன். அவர்கள் அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார்கள். தொண்டு நிறுவனம் ஏழெட்டு வருடத்தில் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. மாணவர்கள் வருவது நிற்கவில்லை.

முப்பத்தைந்து வயதில் நான் அஞ்சல் வழியில் பி.ஏ. சமூகவியல் சேர்ந்தேன். இத்தனை பேர் இங்கே வந்து எதையோ படித்துக்கொண்டு போகிறார்களே, அது என்னதான் என்று பார்ப்போம் என்ற எண்ணம். விழுந்து எழுந்து தேறினேன். ஓரளவு ஆங்கிலமும் பிடிபட்டது. அதற்குப் பிறகு ஒரு கார்த்திகை மழையில், நான்கு நாள் படகு கடலில் இறங்காமல் ஊரே முடங்கிக் கிடந்தபோது, பீரோவைத் திறந்து அந்த நீலப் புத்தகத்தை எடுத்தேன். செல்போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். கடைசியில், தகவல் தந்தவர்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. பெயர் இல்லை, எண் மட்டும். எங்கள் வீட்டு எண்ணுக்கு நேரே என்னைக் கண்டுபிடித்தேன்: பெண், வயது இருபத்து நான்கு, திருமணமானவர், கல்வி ஐந்தாம் வகுப்பு.

நான் பிளஸ் டூ தேறியவள். எங்கள் தெருவில் பிளஸ் டூ தேறிய முதல் பெண். ரிசல்ட் வந்த அன்று என் அப்பா கரையில் இருந்த எல்லோருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தார்.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று தெரியவில்லை. ஒரு வாரம் எதைத் தொட்டாலும் எரிச்சலாக வந்தது. அப்புறம்தான் பல்கலைக்கழகத்திலேயே போய் எம்.ஏ. படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிறந்தது. அது மத்தியப் பல்கலைக்கழகம், நாடு முழுக்கப் போட்டி. முதலில் நுழைவுத்தேர்வு, அதில் தேறினால் நேர்காணல். இடமோ ஒரு வகுப்பறை அளவுதான்.

என் மகள் சென்னையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். போனில் சொன்னபோது, "கரஸ்லயே எம்.ஏ.வும் பண்ணிடேம்மா, எதுக்கு அலையற" என்றாள். அஞ்சல் வழி என்றால் மறுபடியும் வீடுதான். இத்தனை வருடம் அவர்கள் வந்து என் வீட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு தடவையாவது நான் போய் அவர்கள் இடத்தில் உட்கார வேண்டும் என்று நினைத்தேன். அதை மகளிடம் சரியாகச் சொல்ல வரவில்லை. என் வீட்டுக்காரர் வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போட்டில் கடலுக்குப் போகிறவர், அதிகம் பேசமாட்டார்.

"அவங்களுக்கே நீதான சொல்லிக் குடுத்த" என்றார். "திரும்ப அவங்ககிட்டயே போயி இன்னாத்த கத்துக்கப் போற?"

நல்ல கேள்விதான். அடுப்பைப் பார்க்கப் போனேன்.

சேர்க்கையின்போது பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் அசலைக் காட்ட வேண்டும் என்று அறிவிப்பில் போட்டிருந்தது. என்னிடம் அசல் இல்லை. தகரப் பெட்டியில் இருந்தது. வீட்டோடு பெட்டியும் போய்விட்டது. மிஞ்சியது, தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் பழைய நகலைத் தேடி எடுத்து, அதிகாரி கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய ஒரு ஜெராக்ஸ். பி.ஏ. சேரும்போது சுனாமி ஊர் என்று சொன்னதும் அதையே வாங்கிக்கொண்டார்கள். இப்போது எடுபடாதாம். இரண்டாம் பிரதி வாங்க வேண்டும். அதற்குப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, அசல் தொலைந்துவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை என்று காவல் நிலையத்தில் சான்று வாங்கிவர வேண்டும்.

காவல் நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் இளைஞர். வில்லியனூர்ப் பக்கத்துக்காரர். மனுவை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எங்கம்மா தொலைச்சீங்க?"

"கடல்ல சார்."

"கடலுக்கு இன்னாத்துக்கு மார்க் ஷீட்ட எடுத்துக்கினு போனீங்க?"

"நான் எடுத்துக்கினு போவல சார். கடல் வந்து எடுத்துக்கினு போச்சு."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சுனாமி வந்த காலையில் அவருக்குப் பத்து வயது இருந்திருக்கும். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இனி வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் படிவத்தில் கட்டங்கள் இருந்தன. தொலைந்த இடம், தொலைந்த தேதி, உடனே புகார் தராததற்குக் காரணம். மூன்றாவதைக் கேட்கும்போது அவருக்கே குரல் இறங்கிவிட்டது. இருந்தாலும் கேட்டார், நானும் சொன்னேன். பதினைந்து நாள் விசாரணை நடக்கும், பிறகு வாருங்கள் என்றார். பதினைந்து நாள் என்றது ஒன்றரை மாதம் ஆனது. நான்கு தடவை நடந்தேன். ஒருநாள் அதிகாரி பந்தோபஸ்துக்குப் போயிருந்தார், ஒருநாள் முத்திரை இருந்த அலமாரிச் சாவி இல்லை. கடைசியில் கொடுத்த காகிதத்தில், "தீவிரமாகத் தேடியும் கிடைக்கவில்லை" என்று இருந்தது. யார் தேடினார்கள் என்று நான் கேட்கவில்லை. சுனாமி வந்த வாரம் நாங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அதை எடுத்துக்கொண்டு நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியர் வழியாகத்தான் சென்னையில் இருக்கும் தேர்வுத் துறைக்கு விண்ணப்பம் போக வேண்டும். அவர் பதிவு எண்ணைக் கேட்டார். ஜெராக்ஸை நீட்டினேன். அதில் முத்திரை சரியாகக் கடைசி எண்ணின் மேலேயே குத்தப்பட்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், திருப்பிப் பார்த்தோம். அவர் ஆறு என்றார், நான் எட்டு என்றேன். எழுதின எனக்கே ஞாபகம் இல்லையா என்று கேட்டார். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய பரீட்சையின் எண்ணை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? பிறகு ஒரு நாள் முழுக்க, பழைய பதிவேடுகள் அடுக்கிய அறையில், கரையான் தின்ற நோட்டுகளுக்கு நடுவில் நானும் அலுவலகத்து அம்மா ஒருவரும் தேடினோம். கிடைத்தது. ஆறுமில்லை, எட்டுமில்லை. மூன்று.

இரண்டாம் பிரதி புரட்டாசியில் வந்து சேர்ந்தது. அந்த வருடத்துச் சேர்க்கை ஆடியிலேயே முடிந்துவிட்டது.

எனக்கு அழுகைகூட வரவில்லை. காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மகளின் சான்றிதழ்களோடு சேர்த்து மாடியில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு உயரத்தில் வைத்தேன். அடுத்த அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்தேன்.

மறு வருடம் விண்ணப்பம் போட பாகூரில் இருக்கும் பாய் கடைக்குப் போனேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் கையால்தான் கல்லூரிக்குப் போனார்கள். தலையைத் தூக்காமலே, பொண்ணு என்ன படித்திருக்கிறது என்று கேட்டார். பொண்ணுக்கு இல்லை, எனக்கு என்றேன். கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆதார் குடுங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அன்று ஒன்றும் கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

மிச்சத்தையெல்லாம் கம்ப்யூட்டர் கேட்டது. பள்ளிப் படிப்புக்கும் பட்டப் படிப்புக்கும் நடுவில் ஏன் இடைவெளி என்று ஒரு கட்டம். ஐம்பது எழுத்துக்குள் சொல்ல வேண்டும். கல்யாணம், குழந்தை, சுனாமி, வேலை என்று நான் சொல்லச் சொல்ல பாய் ஆங்கிலத்தில் அடித்தார். சிவப்பு எழுத்தில் பிழை காட்டியது. நடுவில் கமா போட்டால் வாங்காதாம். கமாவை எடுத்தார், எழுத்து அதிகம் என்றது. கடைசியில் அவரே "குடும்பக் காரணம்" என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல் அடித்தார். பச்சை விளக்கு எரிந்தது. பதினேழு வருடம் அதில் அடங்கிவிட்டது.

பிறகு ஓடிபி. என் ஆதாரில் இருப்பது வீட்டுக்காரரின் செல் எண். அவர் கடலில் இருந்தார். சிக்னல் கிடையாது. கடைசித் தேதி அன்றுதான். நான் வேண்டுமென்று கடைசி நாள் வரை இருக்கவில்லை. முந்தின மூன்று நாளும் சர்வர் வேலை செய்யவில்லை. கடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து படகு கரையேறக் காத்திருந்தேன். பத்தரைக்கு மேல் அவர் போனை எடுத்தார். மெசேஜைத் திறந்து படிக்கச் சொன்னேன். அவர் நிதானமாக எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள்.

"நாலு, ஒண்ணு, ரெண்டு ஏழு..."

"ரெண்டு ஏழா, ரெண்டும் ஏழுமா?"

"ஆமா, ரெண்டு ஏழு."

பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார். நேரம் முடிந்துவிட்டது, வேறு எண் அனுப்பியிருக்கிறோம் என்று திரையில் வந்தது. மூன்றாவது தடவைதான் சரியாக விழுந்தது. பின்னால் கரையில் யாரோ, "இன்னாபா, பேங்குல இருந்தா?" என்று கேட்பது போனில் கேட்டது. "இல்லபா, வூட்டுல காலேஜுக்கு எழுதிப் போடுது" என்று இவர் சொன்னார். அதைச் சொன்ன குரலில் சலிப்பா பெருமையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

நுழைவுத்தேர்வு விழுப்புரம் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில். மூன்று பஸ் மாறிப் போனேன். வாசலில் இருந்தவர், பெற்றோரெல்லாம் பந்தலில் உட்காருங்கள் என்று என்னையும் கையால் ஒதுக்கினார். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். அதை வாங்கிப் படத்தையும் என்னையும் இரண்டு தடவை பார்த்தார். உள்ளே போனால் மெட்டியால் சோதனைக் கருவி சத்தம் போடுகிறது, கழற்றுங்கள் என்றார்கள். அது விரலோடு ஒட்டிப் பல வருடம் ஆகிறது. சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து ஒரு காவலாளி அம்மா தரையில் உட்கார்ந்து கழற்றினார். கேள்விகள் எல்லாம் ஆங்கிலம். பாதி புரிந்தது. ஆராய்ச்சி முறைகளைப் பற்றிய கேள்விகளில் மட்டும் கை நிற்கவே இல்லை. மக்களோடு தங்கி அவர்களைக் கவனிப்பதற்கு என்ன பெயர், கேள்வித்தாளை முதலில் சிலரிடம் கேட்டுப் பார்ப்பதற்கு என்ன பெயர் என்பதையெல்லாம் நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே என் வீட்டு வாசலில் பார்த்தவள்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நகரத்தைத் தாண்டிப் பெரிய வளாகம். வராந்தாவில் இருபது இருபத்தொரு வயதுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் எழுந்து, "உக்காருங்க மேம்" என்று எனக்கு இடம் விட்டாள். என்னைப் பேராசிரியை என்று நினைத்துவிட்டாள். திருத்தவும் தோன்றாமல் உட்கார்ந்துகொண்டேன். என் முறை வந்து உள்ளே போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் துறைத் தலைவர், வயதானவர், வட இந்தியர். வலப்பக்கம் கேரளத்துக்காரர் ஒருவர். இடப்பக்கம் அவள்.

தலைமுடியில் நரை வந்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள். ஆனாலும் எங்கள் வீட்டில் நான்கு மாதம் தங்கிய அதே முகம். அவள் என் விண்ணப்பத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அக்கா" என்று எழுந்தே விட்டாள்.

ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை. தெரிந்த ஆள். கஞ்சி குடித்த ஆள். இனி என்ன பயம் என்று நினைத்தேன். அவள் துறைத் தலைவரிடம் ஆங்கிலத்தில் பேசினாள். எனக்குப் புரிந்தது. இவரை எனக்குத் தெரியும், இவர் வீட்டில் தங்கித்தான் என் ஆராய்ச்சியைச் செய்தேன், அதனால் நான் இவருக்கு மதிப்பெண் போடுவது முறையில்லை என்றாள். தலைவர் தலையாட்டினார். அவள் என் தோளைத் தொட்டுவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட்டாள்.

அந்த அறையில் தமிழ் நன்றாகத் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

மிச்சமிருந்த இரண்டு பேரிடமும் நான் ஆங்கிலத்தில் மாட்டிக்கொண்டேன். இத்தனை வயது வித்தியாசத்தில் இந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க முடியுமா என்று தலைவர் கேட்டார். அவர்கள் பதினைந்து வருடமாக வந்து என்னோடு உட்கார்ந்தார்கள் சார், நான் உட்கார மாட்டேனா என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். என்ன ஆராய வேண்டும் என்று ஆசை என்று கேரளத்துக்காரர் கேட்டார். இதற்கு நான் தயாராகவே வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு உள்ளே தள்ளி வீடு கட்டிக் கொடுத்தார்கள். வீடு நல்ல வீடு. ஆனால் பெண்கள் கருவாடு காயவைத்த மணல் அங்கே இல்லை. இப்போது தார் ரோட்டில் காயவைக்கிறோம். வண்டி வந்தால் ஓடிப்போய் வாருகிறோம். வந்தவர்கள் எல்லோரும் போட்டைப் பற்றிக் கேட்டார்கள், வலையைப் பற்றிக் கேட்டார்கள். மீனைக் காயவைக்க இடம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கருவாட்டுக்கு ஆங்கிலம் வரவில்லை. அவரே, "கருவாடு" என்று தமிழில் எடுத்துக் கொடுத்தார். எதையோ எழுதிக்கொண்டார். போகலாம் என்றார்கள்.

வெளியே வராந்தாவின் கோடியில் அவள் காத்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். மகளைக் கேட்டாள், வீட்டுக்காரரைக் கேட்டாள், வெளியே போனதற்குக் கோபமா என்று கேட்டாள். கோபம் இருந்தது. ஆனால் அவள் செய்தது சரி என்றும் தெரிந்தது. அந்த இரண்டும் சேர்ந்துதான் என்னைப் படுத்தின. அதனால் அதை விட்டுவிட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன்.

"உங்க புக்க நான் படிச்சேன் மேடம். என்னய அஞ்சாவதுன்னு போட்டிருக்கீங்க. நான் பிளஸ் டூ."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பட்டியலைப் பற்றிச் சொன்னேன். முகம் மாறியது.

"அந்தக் கேள்வித்தாள வீட்டுத் தலைவர்கிட்டதான் கேட்டு நிரப்பணும்னு எங்க கைடு சொல்லியிருந்தார் அக்கா. நான் அண்ணன்கிட்ட கேட்டேன். அவர் சொன்னதத்தான் எழுதினேன்."

"நாலு மாசம் என் பக்கத்துலயே படுத்திருந்தீங்க. ஒரு தடவ என்கிட்ட கேட்டிருக்கலாமே."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே போக வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் எனக்குக் கொதித்தது. எத்தனை வருடமாக யார் மீதோ வைத்திருந்த கோபம், கடைசியில் என் வீட்டுச் சோறு தின்கிற ஆளிடம் வந்து நிற்கிறது. வீட்டுக்காரர் வாசலில் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். பையைக்கூட வைக்காமல் கேட்டேன். அவருக்கு ஞாபகமே இல்லை. அந்தப் பெண் என்னென்னவோ கேட்டது, நானும் என்னென்னவோ சொன்னேன் என்றார்.

"நான் எத்தினாவது படிச்சிருக்கேன்னு உனக்குத் தெரியாதா?" கோபத்தில் நீங்க போய் நீ வந்துவிட்டது.

"படிச்ச பொண்ணுன்னு சொன்னாங்க. எத்தினாவதுன்னு யாரும் சொல்லல. நானும் கேக்கல."

"அப்ப அஞ்சாவதுன்னு எங்கருந்து வந்துச்சு?"

அவர் ஊசியில் நைலான் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்து, முடிச்சுப் போட்டு, அதற்குப் பிறகுதான் பேசினார்.

"நான் அஞ்சாவது. அதுக்கு மேல சொன்னா நல்லா இருக்காதுன்னு நெனச்சிருப்பேன்."

பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். உண்மையைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு நாள் நான் பேசவில்லை. குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவேன். மூன்றாம் நாள் அவரே, ரிசல்ட் எப்போது வரும் என்று கேட்டார். தெரியாது என்றேன். எதில் பார்க்க வேண்டும் என்று கேட்டார். காட்டினேன். அதற்குப் பிறகு தினமும் கரையேறியதும் அவர்தான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். ஒன்றும் புரியாவிட்டாலும் பார்த்தார்.

முதல் பட்டியலில் என் எண் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் நான்காவதாக இருந்தேன். நான்கு என்றால் நல்ல நம்பர் என்று பாய் சொன்னார். நல்ல நம்பர் என்றால் ஏன் கூப்பிடவில்லை என்று அவர் மீதும் எரிந்து விழுந்தேன். துறைக்குப் போன் செய்தால் இணையதளத்தைப் பாருங்கள் என்றார்கள். இணையதளத்தைப் பார்த்தால் துறையைத் தொடர்புகொள்ளுங்கள் என்று போட்டிருந்தது. வகுப்புகள் தொடங்கி ஒரு வாரமும் ஆனது. எல்லாம் முடிந்தது என்று நான் காகிதங்களை மறுபடி மாடியில் கொண்டுபோய் வைத்த மறுநாள் மத்தியானம், நாளைக் காலை பத்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு வரவும் என்று மெசேஜ் வந்தது.

மறுநாள் வீட்டுக்காரர் தொழிலுக்குப் போகாமல் கூடவே வந்தார். அலுவலகத்தில் ஓர் ஊழியர் ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தார். இரண்டாம் பிரதி என்று சிவப்பில் முத்திரை இருந்த மதிப்பெண் பட்டியலை எடுத்து, அசல் எங்கே என்றார். காவல் நிலையச் சான்றைக் கொடுத்தேன். படித்துவிட்டு அடியில் வைத்தார். இதற்காக நான் ஒரு வருடம் அலைந்தேன். அவர் அதை அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் சரி என்று தோன்றிய நேரத்தில் ஒரு படிவத்தை நீட்டினார். ராகிங் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழி. ஒன்று மாணவர் தர வேண்டும், இன்னொன்று பெற்றோர் தர வேண்டும்.

அப்பா கையெழுத்து வேண்டும் என்றார். அப்பா இல்லை என்றேன். அம்மா? அம்மாவும் இல்லை. அப்படியென்றால் கார்டியன் என்றார்.

"எனக்கு நாற்பத்திரண்டு வயசு சார்."

"அது தெரியுதும்மா. அந்த எடத்த காலியா வுட்டா சிஸ்டம் எடுக்காது. நான் இன்னா பண்றது?"

அவர் மீதும் தப்பில்லை. காலையிலிருந்து இதே படிவத்தோடு உட்கார்ந்திருக்கிறார். வெளியே மரத்தடியில் நின்றுகொண்டிருந்த வீட்டுக்காரரைப் போய்க் கூட்டிவந்தேன். அவர் படிவத்தைக் கையில் வாங்கி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். என் பாதுகாப்பில் உள்ள மாணவி யாரையும் ராகிங் செய்யமாட்டார் என்று உறுதி கூறுகிறேன், மீறினால் எடுக்கும் நடவடிக்கைக்குச் சம்மதிக்கிறேன்.

"ராகிங்னா இன்னா?"

"புதுசா வர்ற பசங்கள மிரட்டுறது, அதிகாரம் பண்றது."

அவர் என்னைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். "இத்த நான் எப்பிடி உறுதியா சொல்றது?" என்றார். ஊழியர் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். வீட்டுக்காரர் பேனாவை வாங்கி, இனிஷியலோடு பெயரை முழுசாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். மாணவிக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டார். கணவர் என்றேன். அதைத் தமிழிலேயே எழுதினார்.

இப்போது இரண்டாம் பருவம். கிருமாம்பாக்கத்தில் ஒரு பஸ், நகரத்தில் ஒரு பஸ். காலை வகுப்புக்கு வாரத்தில் இரண்டு நாளாவது பிந்திவிடுகிறேன். புள்ளியியல் தாளில் முதல் தடவை தோற்று மறுதேர்வில் தேறினேன். வகுப்புக்குப் பிந்தினாலும் வருகை குறைந்தாலும் பெற்றோருக்குத் தகவல் போகும் என்று வைத்திருக்கிறார்கள். அந்தத் தகவல் வீட்டுக்காரர் செல்லுக்குத்தான் போகிறது. போன வாரம் கரையிலிருந்து போன் செய்து, "மூணு நாளா லேட்டாமே, இன்னா சமாச்சாரம்?" என்று கேட்டார். நான் அப்போது வகுப்பில் இருந்தேன். போனைக் கட் செய்துவிட்டேன்.